தொண்ணூற்றேழு டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

நீதிமன்றத்தில் இன்று ஒன்றும் நடக்கவில்லை. சாட்சி வராததால் வாய்தா. நான்கு வரிச் செய்தி கொடுத்துவிட்டு ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஏழு அட்டைப்பெட்டிகள். கம்ப்யூட்டரின் பாகங்கள். மனைவி அவற்றைச் சுவரோரம் உயர வரிசையில் நிறுத்தி வைத்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல.

இருபத்தாறு வருடம் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவள் அவள். கையால் வரைகிறவர்கள் இனி வேண்டாம், கட்டும் முன்பே கட்டடத்தைப் போட்டோ மாதிரி பார்க்க எல்லாரும் ஆசைப்படுகிறார்கள் என்று போன வருடம் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலையையும் கற்றுக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்?" என்று கேட்டாராம் மேலதிகாரி. அங்கிருந்து வந்து, கம்ப்யூட்டரில் அப்படிப் படம் போடச் சொல்லித்தரும் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். ஒன்பது மாதம். இப்போது அவள் பெயரில் முதல் வேலை: ஒரு பல் டாக்டரம்மா கட்டப்போகும் மருத்துவமனை. ஏழு படங்கள், வாசலிலிருந்து உள்ளே நடந்து போவதுபோல் நாற்பது விநாடி வீடியோ. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பிடித்துவிட்டால் அந்தக் கட்டடத்தின் காண்ட்ராக்டர் தன் மற்ற வேலைகளையும் தருவார்.

வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு அவளுடைய கோப்பைத் திறக்கவே பதினெட்டு நிமிடம் ஆகிறது. அதனால்தான் இந்த ஏழு பெட்டிகள்.

"ரெடியா கோத்ததையே வாங்கிடுங்க மாமா" என்று வாங்கும் முன்பே சொன்னான் மச்சினன். மனைவியின் தம்பி, ஏசி மெக்கானிக். நாலாயிரம் பக்கக் குற்றப்பத்திரிகையைப் படித்துச் செய்தி எழுதுகிறவன் நாற்பது பக்கக் கையேட்டைப் படித்துக் கோக்க மாட்டேனா என்று கேட்டேன்.

"கோப்பீங்க மாமா. ஓடணுமில்ல?" என்றான்.

மார்ச் 4, புதன்

வார விடுமுறை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து, ஸ்க்ரூக்களை வகைக்கு ஒரு கிண்ணமாகப் பிரித்தேன். மனைவி கையேட்டை வாசித்தாள், நான் மாட்டினேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கிறது. அதைக் கிளிக்குஞ்சு மாதிரி தூக்கினேன் என்று அவள் சொல்கிறாள். இல்லவே இல்லை.

ப்ராசஸர் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ள அதன் மேல் கூலர் உட்கார வேண்டும். அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகள், பக்கத்தில் ஒரு விசிறி, அடியில் உள்ளங்கையளவு செம்பு. செம்பு கண்ணாடிபோல் மின்னியது, முகம் தெரிந்தது. கீறல் படாமலிருக்க மெல்லிய படலம் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு. கூலருக்குக் கையேடு கிடையாது, ஐந்து படம் போட்ட ஒரு தாள்தான். முதல் படம் மங்கல். ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, கூலரை இறக்கி, நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மறுக்காக முடுக்கினேன். மிச்ச பேஸ்டை மூடி இறுக்கி மேசை டிராயரில் வைத்தேன்.

வெளிப்பெட்டியான கேபினட்டின் கண்ணாடிப் பக்கத்திலும் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அவள் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். "இருக்கட்டும், கீறல் விழும்" என்றேன்.

"டிவி ரிமோட்டுக்கு எட்டு வருஷமா உறை. ஃப்ரிட்ஜ் கைப்பிடில இன்னும் அந்த நீலத் தாளு. என்னிக்குத்தான் நம்ம வீட்டுல ஒரு பொருள் பழசாகும்?"

மாலை 4.40க்கு ஸ்விட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின. திரையில் எழுத்து வந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மார்ச் 5, வியாழன்

கோப்பு ஒன்பது விநாடியில் திறந்தது. பட்டு மாதிரி ஓடுதுங்க என்று அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னாள்.

மார்ச் 6, வெள்ளி

வரவேற்பறையின் படத்தை உருவாக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். வரைந்து வைத்த சுவரிலும் தரையிலும் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போடுவது ப்ராசஸரின் வேலை. பதினொன்றாவது நிமிடம் திரை கறுத்தது. கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது.

கரண்ட் போச்சா என்று பார்த்தோம். விளக்கு எரிகிறது.

மறுபடி போட்டாள். ஒன்பது நிமிடம்தான். மூன்றாம் முறை ஏழு.

மார்ச் 7, சனி

வெப்பத்தைக் காட்டும் ஒரு புரோகிராமைப் போட்டுக் குறித்தேன். சும்மா இருக்கும்போது 61 டிகிரி. படம் உருவாக்கத் தொடங்கி ஒரு நிமிடத்தில் 88. நான்காம் நிமிடம் 95. பிறகு 97இல் நிற்கிறது, படம் நத்தைபோல் ஊர்கிறது. 100ஐத் தொட்டதும் அணைகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துகொள்கிறது என்று படித்தேன்.

பாகங்கள் விற்ற கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமான ஆள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கூலரைக் கழட்டிப் பாத்தீங்களா சார்?"

"சரியாத்தான் மாட்டியிருக்கேன். உங்க ப்ராசஸர்தான் கோளாறு."

"ஒரு தடவ கழட்டிப் பாத்துட்டு..."

"கெட்டுப்போன சரக்கைத் தலையில கட்டிட்டு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?"

கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிழை இருந்தால் திங்கட்கிழமைக்கு மேல் மாற்றித் தருகிறேன், கம்பெனிக்கு அனுப்பி வர மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரமா? நமக்கு இருப்பது பதின்மூன்று நாள்.

மார்ச் 8, ஞாயிறு

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றினேன். மேசையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டேன். கூடத்து மேசை விசிறியைக் கொண்டுவந்து கேபினட்டுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். பதினான்கு நிமிடம் தாங்கியது.

அந்த அறையில் வேறு காற்று கிடையாது. அவள் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே மவுஸைப் பிடித்திருந்தாள். காற்றெல்லாம் பெட்டிக்கு.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லியிருக்கக் கூடாது.

நேற்றும் இன்றும் அணைந்தது பதினாறு முறை. எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் பத்திரிகைக்குக் கிளம்பும் அவசரம், செருப்பு மாட்டியபடியே சொன்னேன்: "உன் படம்தான் ரொம்ப கனமா இருக்கோ என்னமோ. நீ எங்கயாவது தப்பா போட்டிருப்ப. கத்துக்கிட்டு ஒன்பது மாசம்தானே ஆச்சு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓ" என்றாள். அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. அந்த மேலதிகாரி சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அவராவது "அம்மா" போட்டுச் சொன்னார்.

ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் ஒரு வரி எழுதியதில்லை, முப்பத்து மூன்று வருடமாக. வீட்டில் மட்டும் எப்படி வாய் வந்தது? சே.

மார்ச் 11, புதன்

விடுமுறை. அவள் பேச்சு வேண்டிய அளவுக்கு மட்டும். சாப்பிட வாங்க. தண்ணி வருது. அவ்வளவுதான்.

படத்தைத் தானே குறைத்துவிட்டாள். செடிகளை எடுத்தாள், தரையின் பளபளப்பை எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்தை எடுத்தாள். அப்படிச் செய்த பிறகு ஒரு படம் முழுதாக வந்தது. டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் போன். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா பொம்மை வீடு மாதிரி இருக்கே? ஏற்கெனவே என் பேஷன்ட்டுங்க பயந்துக்கிட்டேதான் வர்றாங்க. உள்ள நுழைஞ்சா மனசு லேசாகணும். நீங்க மொதல்ல பென்சில்ல காட்டினீங்களே, அந்த வெளிச்சம் எங்க போச்சு?"

"வரும்மா. இது சும்மா சோதனைக்கு" என்றாள். போனை வைத்துவிட்டு, அந்தப் பென்சில் படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மார்ச் 13, வெள்ளி

"முடியாதுன்னு டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லிட்டா, அவங்களாவது வேற ஆளைப் பாப்பாங்க இல்ல?" என்று கேட்டாள். திங்கள் வரை பொறு என்றேன். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 14, சனி

மச்சினன் வந்தான். நான் கூப்பிடவில்லை, அவன் அக்கா கூப்பிட்டிருக்கிறாள். அறைக்குள் நுழைந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுது, பெட்டிக்கு ஜிலுஜிலுன்னு காத்து. நல்ல குடும்பம் மாமா."

"நீ பேசாம வேலையப் பாரு மாப்ள."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல பாட்டு போடத்தான் தெரியும். சூடு மட்டும் கொஞ்சம் தெரியும். ஓட விடுக்கா."

அவள் ஓட விட்டாள். ஐந்தாம் நிமிடம் கேட்டான்: "உள்ள எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தேழு."

மேசை விசிறியை அணைக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் பொறுத்து, திறந்திருந்த பக்கத்தில் கையை விட்டுக் கூலரின் தகடுகளைத் தொட்டான். அடியிலிருந்து மேல் வரை விரலால் தடவினான். என் கையையும் பிடித்து வைத்தான். மறந்துபோய் அரைமணி நேரம் கழித்துக் குடிக்கும் காபியின் சூடுதான் இருந்தது.

"தெரியுதா மாமா? சூடு கெளம்புற எடத்துல கொதிக்குது. போய்ச் சேர வேண்டிய எடத்துல ஆறிப்போய்க் கெடக்கு. ப்ராசஸர் கெட்டிருந்தா இதுவும் சேந்து கொதிக்கணும். நடுவுல என்னமோ நந்தி மாதிரி நிக்குது."

"பேஸ்ட் நானே போட்டேன். பட்டாணி அளவு."

"நீங்க போட்டிருப்பீங்க மாமா. அது சூட்டுக்குத் தெரியலயே."

"நீயே கழட்டிப் பாருடா" என்றாள் அவன் அக்கா.

"ஆள விடுக்கா. நான் தொட்டு ஏதாவது ஆச்சுன்னா உன் வீட்டுக்காரர் என்னைப் பேப்பர்ல போட்ருவாரு." அதற்குள் யார் வீட்டிலோ ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது என்று போன் வந்தது. போகும்போது வாசலில் நின்று, "மாமா, கழட்டுங்க. பயப்படாதீங்க" என்றான்.

பயமா? கூலரைக் கழற்றாமல் ஏழு நாள் தள்ளியதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? கழற்றினால் தப்பு என் பக்கம் என்று ஆகிவிடுமோ என்று...

மார்ச் 15, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும். நிதானமாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மனைவி சந்தைக்குப் போனாள். கழற்றும் முன் என்ன மாட்டினேன் என்று சரிபார்த்துக்கொள்ள இந்த நாட்குறிப்பைத் திறந்தேன். பழைய வழக்குகளில் அப்படித்தான் செய்வேன். நினைவை நம்புவதில்லை, குறிப்பை நம்புவேன். மார்ச் 4. வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். ஸ்க்ரூக்கள். ப்ராசஸர். கூலர். "கீறல் படாமலிருக்க மெல்லிய படலம் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு." அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். திரும்பி வந்தேன்.

படலம் ஒட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறேன். உரித்தேன் என்று எங்கும் எழுதவில்லை.

எழுத மறந்தேனா? இல்லை. நான் உரிக்கவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேஸ்ட் பட்டு அந்தச் செம்பு அழுக்காகிவிடுமே என்று தோன்றியதுகூட நினைவிருக்கிறது. ரிமோட்டுக்கு உறை போட்டவன், செம்புக்கும் உறையை விட்டு வைத்திருக்கிறான்.

கூலரின் ஐந்து படத் தாளை டிராயரில் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மங்கலான முதல் படத்தில் ஒரு கை எதையோ மூலையிலிருந்து தூக்குகிறது. பெட்டியின் மூடியைத் திறக்கிறார்கள் என்று அன்று நினைத்தேன். அது மூடி இல்லை, படலம்.

நான்கு ஸ்க்ரூக்கள். கூலரை மெல்லத் திருகித் தூக்கினேன். பட்டாணி அளவு பேஸ்ட் வட்டமாகப் பரவி, படலத்தின் மேல் அழகாகப் படிந்திருந்தது. மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்தது. உள்ளே செம்பு அன்று பார்த்த மாதிரியே, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

சத்தமில்லாமல் துடைத்து, மாட்டி, சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த நினைப்பு வந்ததை மறைக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன். எவ்வளவு நேரம் என்றால், சந்தையிலிருந்து அவள் வரும் வரை.

எங்கள் பத்திரிகையில் ஒரு விதி உண்டு. தவறான செய்தி எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். அவள் பையை இறக்கி வைத்ததும், பத்தாம் தேதி எங்கே நின்று அந்த வார்த்தையைச் சொன்னேனோ அந்த வாசலிலேயே நின்று வாசித்தேன்:

"திருத்தம். இம்மாதம் 7ஆம் தேதி கடைக்காரர் மீதும் 10ஆம் தேதி மனைவி மீதும் கூறப்பட்ட குற்றச்சாட்டுகள் உண்மைக்குப் புறம்பானவை. ப்ராசஸர் சூடானதற்குக் காரணம், கூலரின் அடியிலிருந்த பிளாஸ்டிக் படலத்தை இதை வாசிப்பவர் உரிக்காமல் விட்டதே. மனைவியின் படத்தில் எந்தத் தவறும் இல்லை. பிழைக்கு வருந்துகிறோம்."

படலத்தை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"வருந்துகிறோமா? நான் எதுக்கு வருந்தணும்?"

பேனாவை எடுத்து "வருந்துகிறேன்" என்று திருத்திக் கொடுத்தேன். தாளை வாங்கி மடித்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "உன் படம்தான் கனம்னு நீங்க சொன்னப்ப நானும் அத நம்பிட்டேன், தெரியுமா?"

தெரியாது. 

ஞாயிறு, கடை கிடையாது. புது பேஸ்டுக்கு எங்கே போவது என்று விழித்தேன். டிராயரில் மூடி இறுக்கி வைத்த மிச்ச பேஸ்ட் இருந்தது. "பரவாயில்ல, உங்க புத்தி ஒண்ணுக்காவது உதவுச்சு" என்றாள். அப்போதுதான் சிரித்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்த ஸ்பிரிட்டால் ப்ராசஸரைத் துடைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

சும்மா இருக்கும்போது 36. படத்தை ஓட விட்டோம், செடிகள், பளபளப்பு, ஜன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து. நான்காம் நிமிடம் 64. பதினொன்றாம் நிமிடம் இரண்டு பேரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தோம். 68. இருபதில் 70. அதற்கு மேல் ஏறவில்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடம் வரவேற்பறை முழுதாகத் திரையில் நின்றது. தரையில் காலை வெயில் நீளமாக விழுந்திருந்தது.

அவள் எழுந்து கூடத்துக்குப் போய் டிவி ரிமோட்டின் உறையைக் கழற்றி, குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாள். 

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் போனேன். நான்கு பேர் இருந்தார்கள். நல்லதாயிற்று. அன்றைக்கு விட்ட அதே சத்தத்தில் சொன்னேன்: தப்பு என்னுடையது, உங்கள் சரக்கில் குறை இல்லை, உங்களைப் பேசியது தவறு.

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். "மாசத்துக்கு ரெண்டு பேரு அதை உரிக்காம மாட்டிட்டு வந்து சத்தம் போடுவாங்க சார். அப்புறம் வீட்டுல பாத்துச் சரி பண்ணிக்குவாங்க. சரி பண்ணிட்டுத் திரும்பி வந்தவரு நீங்க ஒருத்தருதான்." டீ வாங்கிக் கொடுத்தார்.

மச்சினனுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சிரித்தான். "மாமா, உங்க கல்யாண போட்டோ ஆல்பத்துல அந்தக் கண்ணாடித் தாளு இன்னும் இருக்கா?"

இருக்கிறது. சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

நேற்றோடு ஏழு படங்களும் முடிந்தன. இன்று வீடியோ. நாற்பது விநாடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது படங்கள், சின்ன அளவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்தான். காலை ஒன்பதுக்கு ஓட விட்டாள். முதல் ஒரு மணி நேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. பிறகு சமைத்தாள். பிறகு துணி மடித்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள், பத்து நாளில் முதல் பகல் தூக்கம். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவள் தூங்குகிறாள், அவளுடைய கட்டடம் பக்கத்து அறையில் படம் படமாக வளர்கிறது. 69 டிகிரி.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது.

மார்ச் 20, வெள்ளி

டாக்டரம்மா நேரில் வந்தார். மனைவியின் அறையில், அவளுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தோம். நாற்பது விநாடி. மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறையும்.

"இந்த வெயில் எத்தனை மணி வெயில்?"

"காலை பத்து மணிங்க. உங்க மொத அப்பாயின்ட்மென்ட் நேரம்."

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆறாவது படத்தில் விரல் வைத்தார். "கை கழுவுற தொட்டி வலது பக்கம் இருக்கு. எனக்கு இடது கைப் பழக்கம்."

மறுபடி ஐம்பத்திரண்டு நிமிடமா என்று நான் பதறினேன். மனைவி பதறவே இல்லை. "காபி குடிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் தொட்டியை இடப்பக்கம் நகர்த்தி, அந்த மூலையை மட்டும் திரும்ப ஓட விட்டாள். காபியும் பேச்சும் முடிவதற்குள் வந்துவிட்டது.

"இத வச்சுத்தான் கட்டணும்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடறேன். ஒரு செங்கல் மாறக் கூடாது" என்றார்.

அவர் போனதும் மனைவி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். கேட்டது. கொஞ்ச நேரம் விட்டுத்தான் உள்ளே போனேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தீர்ப்பு நாள், தலைப்புச் செய்தி. களைத்து வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். உள்ளே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"சொல்லுங்க சார்... நல்லா இருக்கேன் சார்... மூணு மாடியா?... செய்யலாம் சார், அதுக்கென்ன. ஆனா இந்த மாசம் பூரா காண்ட்ராக்டர் வேலை இருக்கு. அடுத்த மாசம் பதினஞ்சுக்கு மேலன்னா பாக்கலாம்... கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

யார் என்று நான் கேட்கவில்லை. அந்த "கஷ்டம்" என்ற வார்த்தையை அவள் நிறுத்திச் சொன்ன விதத்திலேயே அந்தப் பழைய மேலதிகாரி என்று தெரிந்துவிட்டது.

இன்று எத்தனை டிகிரி என்று பார்க்க மறந்துவிட்டேன். ஒரு மாதமாக நாள் தவறாமல் பார்த்தது. பார்க்கத் தோன்றவில்லை. மேசை விசிறி கூடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அவள்தான் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், என் நாற்காலிக்கு நேராக.